ஊசியைப் பார்க்க வேண்டாம் என்றேன்

சங்கக் கூட்டத்தில் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களோடு ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். என் முழங்கால் அவ்வளவு நேரம் நிற்க விடாது. அதனால் எழுதித் தருகிறேன். நாகர்கோவிலில் முப்பத்தேழு வருடம் கார் வேலை பார்த்தேன். கடைசிப் பத்தொன்பது வருடம் ஒரே ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறுகளை நான் கண்டுபிடித்த கதைகளை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அதையெல்லாம் நானேதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இந்த ஒரு கதையை மட்டும் சொன்னதில்லை.

மணவாளக்குறிச்சியிலிருந்து எஸ்தர் டீச்சர் என்று ஒருவர் வருவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். சர்க்கரை வியாதி சாருக்கு முதலில் கண்ணைக் கெடுத்தது, பிறகு கிட்னியை. வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். அவர்களிடம் பதினாறு வருடம் ஓடிய ஒரு சின்ன பெட்ரோல் கார் இருந்தது. சாருக்குக் கண் மங்கிய பிறகு அது ஒரு வருடம் ஷெட்டில் தூசி படிந்து கிடந்தது. டீச்சர் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து, இரண்டாவது தடவையில் லைசென்ஸ் வாங்கி, அந்த வண்டியை வெளியே எடுத்தார்.

அவர் வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்துவதே பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு இன்ச் இடிக்காமல் தூண்களுக்கு நடுவே கொண்டுவருவார். சார் பக்கத்து சீட்டில் இருந்து, "இடது பக்கம் எடம் கெடக்கு, வா, வா" என்பார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா சொல்வார். டீச்சரும் சரி என்று தலையாட்டுவார்.

ஒருநாள் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"டீச்சர், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு தூரமா? எங்க சுத்துதீங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திரும்பி வரும்போ முட்டம் வழியாத்தான் வருவோம். இவருக்குக் கடலு கேக்கணும். பத்து நிமிசம் கண்ணாடிய எறக்கி வச்சிட்டு இருப்போம். ஊசி குத்தின கை வலி அங்க போனாத்தான் கொறையும்னு சொல்லுவாரு."

"பொய்யொண்ணும் இல்ல," என்றார் சார்.

அந்த வண்டிக்கு கிளட்ச் போனது. நான்தான் கியர்பாக்ஸை இறக்கி மாற்றினேன். அன்றைக்கு நான்கு வண்டிகள் வரிசையில் நின்றன. கியர்பாக்ஸை ஏற்றி, போல்ட் எல்லாம் இறுக்கி, ஓட்டிப் பார்த்து, மாலையில் கொடுத்துவிட்டேன். வேலை சுத்தம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் வந்தார். ஒரு நோட்டுத் தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"செல்லத்துரை, ஏசி போட்டா வெப்பம் காட்டுற ஊசி மேல ஏறுது. ஏசிய அணைச்சா எறங்குது. மழை இருட்டுல லைட் போட்டாலும் ஏறுது. சிலசமயம் சிக்னல்ல நிக்கும்போ வண்டி தன்னால அணைஞ்சு போவுது. கொஞ்சம் ஆறினா ஸ்டார்ட் ஆவுது."

சார் சீட்டில் இருந்தபடியே சொன்னார். "முன்னால அந்த விசிறி இருக்குல்லா, அது சத்தம் மாறிப் போச்சு. முந்தி உறுமும். இப்ப மொனங்குது."

"கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறந்தான் இப்பிடி," என்று டீச்சர் முடித்தார்.

உங்களில் எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். லைட் போட்டதும் எஞ்சின் சூடாக முடியாது. லைட்டுக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தம் கிடையாது; கரண்டுக்குத்தான் சம்பந்தம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே கரண்ட் போய்வரும் இணைப்பு, அதாவது எர்த், சரியில்லை என்று அந்தத் தாள் எழுத்து எழுத்தாகச் சொன்னது. கணக்கு டீச்சர் கணக்கைப் போட்டு, விடையை மட்டும் எனக்காக விட்டுவைத்திருந்தார்.

என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டுந்தான். கிளட்ச் மாற்றிய பிறகு. அதாவது, உன் வேலை சரியில்லை. பக்கத்தில் இன்னொரு கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முகம் சுருங்கிப் போனது.

"கிளட்ச்சுக்கும் ஊசிக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்? பதினாறு வருசம் ஓடின வண்டி. இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்."

தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். அடுத்த தடவை பேட்டரியை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும். பிறகு பழைய கதை. எங்கள் எலெக்ட்ரீஷியன் அந்தோணி, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், நிதானமானவன், ஒருநாள் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, எர்த் ஒருதடவ பாத்திருவமா?"

"நான் மாட்டின எர்த்து மக்கா. பாக்கதுக்கு என்ன இருக்கு?"

அவன் அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். நான் தலைமை மெக்கானிக்.

நான்காம் தடவை டீச்சர் வந்தபோது எனக்கு அலுத்துவிட்டது. ஊசியைப் பற்றி மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "டீச்சர், அந்த ஊசி கிறுக்குப் பிடிச்ச ஊசி. அது ஏறும், எறங்கும். நீங்க ஊசியப் பாக்காதீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"பாக்காண்டாமா?"

"பாக்கவே வேண்டாம்."

அவர் அதைக் கட்டளை மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஒரு பதினைந்து நாள் இருக்கும். மதியம் ஒரு மணி. டீச்சர் போன் செய்தார். கோட்டாறு கடைத்தெருவில் வண்டி நின்றுவிட்டது. மருந்து வாங்க அந்த வழியாக வந்திருக்கிறார்கள். சார் டயாலிசிஸ் முடிந்து வருகிறார், மயக்கம் வருகிறது என்கிறார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

கோட்டாறு தெருவை உங்களுக்குத் தெரியும். ஒரு சைக்கிள் நின்றாலே தெரு நின்றுவிடும். வண்டி நடுவில் கிடந்தது. பானட் இடுக்கு வழியாக ஆவி பறந்தது. பின்னால் ஒரு சரக்கு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "ஓட்டத் தெரியாததுகள்லாம் வண்டிய எடுத்துட்டு வந்திருது" என்று யாரோ கத்தினார்கள். ஏசி அணைந்த காருக்குள் சார் வெயிலில் சாய்ந்து கிடந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பிடித்திருந்தார். டீச்சர் வெளியே நின்று, குடையை அவர் பக்கத்து ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தார்.

முதலில் சாரை ஒரு ஆட்டோவில் ஏற்றினோம். அது மட்டும் நான் அன்றைக்குச் சரியாகச் செய்தது. பிறகு பானட்டைத் திறந்தேன். தண்ணீர் கொதித்து வழிந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. சுற்றி இருபது பேர் நின்றார்கள். மருந்துக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, "உங்க கை வச்ச வண்டியா?" என்று கேட்டார்.

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"ஊசி அவ்வளவு ஏறினபிறகும் நிறுத்தாம ஓட்டினா எஞ்சின் என்னத்துக்கு ஆகும் டீச்சர்? இதுகூடத் தெரியாம எதுக்கு வண்டிய எடுக்கீங்க?"

இருபது பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே பாக்க வேண்டாம்னு சொன்னீங்க" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. முகம் வெளிறிப் போய், "எனக்குத் தெரியல்ல செல்லத்துரை, தப்பாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

சாருக்கு ஆபத்து ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து மாலையில் அனுப்பிவிட்டார்கள்.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துவந்து போட்டிருந்தோம். ஒரு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். "வண்டிய யாருக்காவது குடுத்திருங்க. ஸ்டியரிங்கப் பிடிக்கவே எனக்குப் பயமா இருக்கு. இன்னொருதடவ அவர நடுரோட்டுல போட்டுரக் கூடாது" என்றார். நான் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "சரி டீச்சர், பாத்துக்கிடுதேன்" என்றேன்.

விற்பதற்காக வண்டியைத் தயார் செய்தோம். ஹெட்டை இறக்கி, கேஸ்கெட் மாற்றி, ஸ்டார்ட் செய்தேன். எல்லாம் புதுசு. ஏசியைப் போட்டேன். ஊசி ஏறியது. விசிறி முனகியது. சார் சொன்ன அதே முனகல்.

அந்தோணி ஒரு தடித்த கேபிளை எடுத்துவந்தான். ஒரு முனையை எஞ்சினில் மாட்டினான், மறுமுனையை பாடியில். கரண்ட் முழுதாகக் கிடைத்ததும் விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது. எங்கள் கண்முன்னால் ஊசி நடுவுக்கு இறங்கி நின்றது.

நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். கியர்பாக்ஸையும் பாடியையும் சேர்க்கும் எர்த், அந்தச் செம்புப் பட்டையின் போல்ட்டைக் கையால் தொட்டேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலிலேயே சுற்றியது. கிளட்ச் மாற்றிய அன்றைக்கு, பிறகு இறுக்கலாம் என்று கையால் முடுக்கி வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். கடற்கரைக் காற்றில் பட்டை பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

வெளியே வந்தபோது அந்தோணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர்ட்ட சொல்லணும் அண்ணாச்சி. அவங்க மேல தப்பு இல்லேன்னு சொல்லணும். வண்டி நல்லாயிட்டு, வந்து எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுங்க."

"சொல்லுவோம் மக்கா. நாளைக்குச் சொல்லுவோம்."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. டீச்சரின் நம்பர் அதில் இருந்தது. இதை எழுதும்போது எனக்கு அதுதான் வலிக்கிறது. போல்ட்டை மறப்பது யாருக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும். கோட்டாற்றில் கத்தியதைக்கூட வெயிலில், பதற்றத்தில், வெட்கத்தில் கத்தினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று மாலை எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை. கை கழுவிவிட்டு, டீ குடித்துவிட்டு, யோசித்து, சொல்லாமல் இருந்தேன். சொன்னால் ஒர்க்‌ஷாப்பில் என் பெயர் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தேன். மறுநாள் தக்கலையிலிருந்து ஒருவர் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்து, பழைய வண்டிக்கு இவ்வளவு இழுவையா என்று சந்தோஷப்பட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அந்தோணி அதன்பிறகும் நான்கு வருடம் என்னோடு வேலை பார்த்தான். வேலையைத் தவிர வேறு எதையும் என்னிடம் பேசியதில்லை. அண்ணாச்சி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான்.

டீச்சரும் சாரும் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். மணவாளக்குறிச்சி பஸ் கூட்டமாக வந்து நின்றது. டீச்சர் ஒரு கையால் சாரை அணைத்துப் பிடித்து, மறுகையால் படிக்கம்பியைப் பிடிக்கப் பார்த்தார். சாரின் கட்டுப்போட்ட கையை யாரோ இடித்துவிட்டார்கள். "கையப் பாத்து, கையப் பாத்து" என்று டீச்சர் கத்தினார். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். நான் ஒரு பழக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி, பஸ் கிளம்பும்வரை நின்றேன். அந்த பஸ் கடற்கரையில் பத்து நிமிடம் நிற்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றரை வருடம் போல இருந்துவிட்டு சார் இறந்துபோனார். அவருடைய நோய் அப்படி. வண்டி இருந்திருந்தாலும் போயிருப்பார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம். அடக்கத்துக்குப் போனேன். சர்ச்சுக்கு வெளியே டீச்சர் என் கையைப் பிடித்து, "வந்தீங்களே செல்லத்துரை" என்றார். அன்றைக்கும் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்கிற விஷயமா என்று ஒரு சாக்கு கிடைத்தது.

வேலையை விட்ட பிறகு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து பல வாரம் அவளை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். முப்பத்தேழு வருடம் ஊரார் காரையெல்லாம் தொட்டவனிடம் சொந்தமாக ஒரு கார் இல்லை. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, படியில் ஏற முடியாமல் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று ராத்திரி அவளிடம் டீச்சரைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "போயி சொல்லிட்டு வாரும்" என்றாள்.

டீச்சரின் வீட்டு கேட்டைத் திறந்தபோது அவர் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "செல்லத்துரையா? ஏறி வாங்க" என்றார். பால் விடாமல் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். மனைவியின் இடுப்பைப் பற்றிக் கேட்டார். நான் சாயாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட், கோட்டாறு, அந்தோணியின் கேபிள், சட்டைப் பையில் இருந்த போன், பழக்கடை. ஒன்றையும் விடவில்லை.

டீச்சர் நான் முடித்ததும் எழுந்துபோய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"அந்தப் பட்டை எங்க கெடக்கும்? வரைஞ்சு காட்டுங்க."

எஞ்சினை ஒரு பெட்டியாக வரைந்தேன். பாடியை ஒரு கோடாக. இரண்டுக்கும் நடுவில் பட்டையை வரைந்து காட்டினேன். டீச்சர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ நான் சொன்ன ஊசி?"

"அது சரிதான் டீச்சர்."

"அவரு சொன்ன விசிறிச் சத்தம்?"

"அதுவும் சரிதான்."

"கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறந்தான்னு சொன்னேன்."

"அதுவும் சரிதான் டீச்சர்."

அவர் தாளை மடியில் வைத்தார்.

"கடைசி வரைக்கும் அவரு சொல்லிட்டே இருந்தாரு," என்றார். "நீ நல்லா ஓட்டுவ எஸ்தர், எனக்கு ஒரு குலுக்கம் தெரியாது, வேற ஒரு வண்டி பாப்போம்னு. நான் கேக்கல்ல. அவருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும், கண்ணும் தெரியாது, என்ன சந்தோசப்படுத்தச் சொல்லுதாருன்னு நெனச்சேன். அவர நம்பல்ல செல்லத்துரை. உங்கள நம்பினேன்."

நான் எழுந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வந்திருந்தாலும், அதை அவரிடம் கொடுத்து அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலால் தாளில் இருந்த அந்தச் சின்னக் கோட்டின் மேல் தடவிக்கொண்டிருந்தார்.

"போவும்போ கேட்ட சாத்திட்டுப் போங்க," என்றார்.

சாத்திவிட்டு வந்தேன்.